மின்கம்பி அறுந்து பயிர் எரிந்ததா? முதல் சாட்சி உங்கள் கைபேசி

வெட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கும் கரும்புத் தோட்டம். பலத்த காற்று. தோட்டத்துக்கு மேலே தொய்ந்து போகும் மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. தீப்பொறி காய்ந்த சோகையில் விழுகிறது. அரை மணி நேரத்தில் ஒரு வருட உழைப்பு கரியாகிவிடுகிறது. மாலைக்குள் லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் பார்த்தால் கம்பி இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. பயிர் மட்டும் இல்லை.

“யாரைப் போய் கேட்கிறது? நம்ம தலையெழுத்து” என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். அப்படி விட வேண்டியதில்லை. இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கான ஆதாரத்தை அந்த முதல் நாளிலேயே நீங்கள் திரட்டிவிட வேண்டும்.

யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் போகும் மின் விநியோகக் கம்பிகள் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்குச் சொந்தமானவை. பேச்சுவழக்கில் இன்றும் ‘ஈ.பி.’ என்கிறோம். கம்பியைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது கழகத்தின் கடமை. உங்கள் பெயரில் மின் இணைப்பு இல்லாவிட்டாலும், இலவச விவசாய இணைப்பாக இருந்தாலும், உங்கள் நிலத்தில் அந்தக் கம்பியால் சேதம் என்றால் நீங்கள் கேட்கலாம்.

“அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் எப்படி நிரூபிப்பேன்?” என்பதுதான் பலருக்கும் இருக்கும் பயம். 2002-ல் மத்தியப் பிரதேச மின்சார வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பி பட்டு சைக்கிளில் வந்தவர் இறந்துபோனார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்ட கம்பி அது, எங்கள் தவறில்லை என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மின்சாரம் போன்ற ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் பக்கம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் விளைந்த இழப்புக்குப் பொறுப்பு என்றது. சட்டத்தில் இதற்குக் ‘கண்டிப்பான பொறுப்பு’ என்று பெயர்.

அது உயிரிழப்பு வழக்கு. ஆனால் அடிப்படைக் கொள்கை பயிருக்கும், மரத்துக்கும், மாட்டுக்கும் பொருந்தக்கூடியதே. ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது இரண்டு விஷயம்: சேதம் அந்தக் கம்பியால்தான் வந்தது, சேதம் இவ்வளவு.

“காற்றடித்தால் நாங்கள் என்ன செய்வது?”

இந்தப் பதில் உங்களுக்கும் வரலாம். யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைப் பேரிடர் என்றால் பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் வருஷா வருஷம் அடிக்கிற காற்றையும் மழையையும் பேரிடர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. விலக்குக் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

வயலுக்குள் போகும் 11 கிலோவோல்ட் வரையிலான உறையில்லாத கம்பி, தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. உங்கள் வயலில் கம்பி தொய்ந்திருந்தால் இன்றைக்கே மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். முதல் பலன், கம்பி சரியாகும். சரி செய்யாமல் விட்டு விபத்து நடந்தால், “முன்பே சொன்னேன்” என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

முதலில் உயிர், அப்புறம் பயிர்

கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஈர வயல் என்றால் இன்னும் தள்ளி. கம்பு, குச்சி எதையும் வைத்துத் தள்ள வேண்டாம். மாடு துடிக்கிறதே என்று ஓடிப்போய்ப் பிடிப்பவர்தான் அடுத்ததாக விழுகிறார். மின்னகத்துக்கும் பிரிவு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். தீ என்றால் 101. மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று ஊழியர் நேரில் சொன்ன பிறகுதான் உள்ளே இறங்கலாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை

1. கைபேசியில் இருப்பிட வசதியை ஆன் செய்துவிட்டு, தள்ளி நின்று படமும் வீடியோவும் எடுங்கள். அறுந்த கம்பி, மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எரிந்த பயிர் மூன்றும் ஒரே வீடியோவில் தொடர்ச்சியாக வரட்டும். ஊழியர்கள் கம்பியைக் கட்டுவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

2. படத்தை அழிக்கவோ வெட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் நேரம், இடம் போன்ற விவரங்கள் போய்விடும். மூலப் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். மூலம் இருந்தால் அது சுலபம்.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்று வாங்குங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்திருந்தால் அவர்களின் அறிக்கைக்கும் விண்ணப்பியுங்கள்.

4. கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண் அலுவலர் அல்லது உதவி தோட்டக்கலை அலுவலரை நேரில் வந்து பார்க்கச் சொல்லி, பரப்பையும் சேதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஆடு மாடு இறந்திருந்தால் கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று கட்டாயம். அதற்கு முன் புதைத்துவிடாதீர்கள்.

5. உதவி மின் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பட்டா, சிட்டாவை அரசின் இணையச் சேவையிலேயே இறக்கிக்கொள்ளலாம். அடங்கலில் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் குத்தகைச் சீட்டையும் உரம், விதை வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். நிலம் வேறொருவருடையது என்றாலும் எரிந்த பயிர் உங்களுடையதுதானே?

மின் ஆய்வாளர் அறிக்கை

உயிருக்கோ உடலுக்கோ சேதம் விளைவித்த, அல்லது விளைவித்திருக்கக்கூடிய மின் விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம் 2003-ன் 161-வது பிரிவு. ஆள் நடமாடும் வயலில் மின்சாரத்தோடு கம்பி விழுந்ததும் அந்த வகைதான். மாவட்ட மின் ஆய்வாளருக்கு நீங்களும் ஒரு மனு அனுப்பி விசாரணை கேளுங்கள். அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு.

எவ்வளவு கேட்பது?

கணக்கோடு கேளுங்கள். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, டன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 1,20,000 ரூபாய். எரிந்த கரும்பு நாளாக நாளாக எடை குறையும். அதனால் உடனே ஆலையின் கரும்பு அலுவலரிடம் சொல்லி முன்னுரிமையில் வெட்டு உத்தரவு வாங்குங்கள். ஆலை கொடுத்தது 70,000 ரூபாய் என்றால் மீதி 50,000 ரூபாய் உங்கள் நஷ்டம். அதோடு கருகிய சொட்டுநீர்க் குழாய், மோட்டார், வைக்கோல் போர் எல்லாவற்றையும் ரசீதோடு சேருங்கள். தென்னை போன்ற மரம் என்றால் எண்ணிக்கை, வயது, வருடக் காய்ப்பு மூன்றும் வேண்டும்.

கொடுக்க மறுத்தால்?

முதலில் செயற்பொறியாளருக்கும் மேற்பார்வைப் பொறியாளருக்கும் மனு. அங்கே நடக்கவில்லை என்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றம். மின் விநியோகம் ‘பொதுப் பயன்பாட்டுச் சேவை’ என்பதால் 1 கோடி ரூபாய் வரையிலான விவகாரத்தை அங்கே கொண்டுபோகலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஏற்படாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

எந்த வழியானாலும் “பார்க்கலாம், ஆகட்டும்” என்று நாளைக் கடத்த விடாதீர்கள். வழக்குக்குக் கால வரம்பு உண்டு. விபத்து நடந்து ஓராண்டு முடிவதற்குள் மனுவோ வழக்கோ பதிவாகிவிடுவது பாதுகாப்பு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது இலவசம்.

இன்றைக்கே ஒரு சின்ன வேலை: வயலுக்குப் போகும்போது மேலே ஒரு பார்வை பாருங்கள். கம்பி தொய்ந்திருந்தால் ஒரு போட்டோ, ஒரு போன். பயிரும் தப்பும், நீங்களும் தப்புவீர்கள்.