வட்டத்துக்குள் ஒரு புள்ளி

முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். நான் கல் தேடக் கிளம்பிவிட்டேன். முப்பது வருஷம் புவியியல் நடத்திவிட்டு இரும்பை கிராமத்தில் சும்மா இருக்கிற ஒருத்தி, டி.வி.எஸ். ஐம்பதை ஓரம் கட்டி மதகுக்கு மதகு குனிந்து பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? "டீச்சருக்குப் புதையல் குறிப்பு ஏதோ கிடைச்சிருக்கு" என்கிறார்கள்.

நான் தேடுவது நில அளவைக் குறிகளை. பிரிட்டனில் இந்தக் கிறுக்குக்கு ஒரு கூட்டமே உண்டு. அங்கே 1936 முதல் குன்றுகளின் மேல் கான்கிரீட் தூண்கள் கட்டினார்கள், ஆறாயிரத்துக்கும் மேல். செயற்கைக்கோள் வந்ததும் தூண்களுக்கு வேலை போய்விட்டது. ஜனங்களுக்கு அவற்றின் மேல் ஆசை வந்ததோ அதற்குப் பிறகுதான். மிச்சமிருந்த 6,190 தூண்களையும் ஒருவர் 2016-இல் பார்த்து முடித்தாராம்.

நம் பக்கம் அவ்வளவு சுலபமில்லை. பாறையில் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் குறி. மேலே மேடை இருந்தால் அதிர்ஷ்டம். யாராவது குங்குமம் வைத்துச் சாமியாக்கியிருந்தால் அதைவிட அதிர்ஷ்டம், உடைக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை தொடங்கியதே நம்மூர்ப் பக்கம்தான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் அதை நடத்திய வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை விரித்தார். ஏழரை மைல் கோட்டை அளக்க 57 நாள்! சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் படுக்கவைத்து, கூடவே தெர்மாமீட்டரும் வைத்தார்கள். ஏன் இந்தப் பாடு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். வந்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. முதல் கோட்டில் பிசகினால் கடைசிவரை பிசகும். அப்படியே கருங்குழி வழியாகத் தெற்கே இறங்கி, கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் வரை முக்கோணம் போட்டார். எங்கள் வட்டாரத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார்.

கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் கனம். லண்டனிலிருந்து வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அப்புறம் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில்தான் மலை. லாம்டன் நசுங்கிய கருவியைத் தன் கையாலேயே ஆறு வாரம் தட்டிச் சரிசெய்தார். இமயத்தை அளந்ததெல்லாம் பிற்பாடு. எவரெஸ்ட்டுக்கு அப்போது சொன்ன 29,002 அடி என்ற கணக்குக்கும் வேர் பரங்கிமலைச் சங்கிலிதான்.

போன மார்கழியில் பெருமுக்கல் குன்றில் ஏறினேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் வழியில் இருக்கிறது. மேலே சிவன் கோயில். மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது பனி விலகி மயிலம் குன்று தெரிந்தது, அதற்கப்பால் செஞ்சி மலைகள் புகைபோல. கரும்பலகையில் ஆயிரம் முக்கோணம் போட்டிருப்பேன். அன்றைக்குத்தான் உறைத்தது: ஒரு புள்ளி தனியாக நின்றால் அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கிருந்து இன்னும் இரண்டு தெரிய வேண்டும்.

மரக்காணம் உப்பளப் பக்கம் மலை கிடையாது. அங்கே நான் தேடுவது உயரக் குறி. சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சராசரி மட்டம் கண்டு, அதிலிருந்து ஊர் ஊராக உயரத்தைக் கொண்டுபோய்க் கல்லில் 'ஜி.டி.எஸ். பி.எம்.' என்று செதுக்கினார்கள், மாபெரும் முக்கோண அளவையின் உயரக் குறி என்று அர்த்தம். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் 'கடல் மட்டத்துக்கு மேல்' என்று போட்டிருப்பார்களே, அதே சங்கதி.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "மட்டம் பாக்க மெஷினு எதுக்கு டீச்சர்? ஒரு விரக்கடை ஏறினா இந்தப் பாத்தியிலருந்து அந்தப் பாத்திக்குத் தண்ணி போவாது. தண்ணியே சொல்லிடும்" என்றாள்.

ஒன்பது துறைமுகத்திலும் அவர்கள் கேட்டது தண்ணீரைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுத்து வெட்டின கல்லுதானே? எங்க வூட்டாண்டை ஒண்ணு கெடக்கு, வாங்க" என்று கூட்டிப்போனாள். கிணற்றடியில் துணி துவைக்கிற கல். சோப்பு நுரையை வழித்துவிட்டுப் பார்த்தேன். பழைய மைல்கல். 'திண்டி' வரைக்கும் எழுத்து இருந்தது, வனம் தேய்ந்துபோயிருந்தது.

"அழுக்கு நல்லாப் போவுது டீச்சர்" என்றாள்.

நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.