பழைய வெல்டிங் மேசை: வாங்கலாமா?

மலேசியத் திறன் சான்றிதழுக்கு வெல்டிங் படித்த நான், சுங்கை சிப்புட்டில் பழைய தோட்ட வீட்டின் பின்புறம் சிறு பட்டறை போட எண்ணியுள்ளேன். ஈப்போவில் ஒரு பழைய மேசை விலைக்கு வந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம், 20 மில்லிமீட்டர் தகடு.

முதலில் எடை. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ. அப்படியானால் மேல்தகடு மட்டுமே சுமார் 465 கிலோ. கிரேன் லாரிக் கூலியையும் விலையோடு கூட்ட வேண்டும்.

அடுத்து, மூலைக்கு மூலை நேர்கோல் வைத்துப் பார்த்தேன். ஒட்டிய உலோகத் துளிகளைத் தேய்த்து எடுத்துவிடலாம். சூட்டில் வளைந்த தகட்டை நிமிர்த்துவது கடினம். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். கேட், கிரில் வேலைக்கு அது போதும்.

ஆனால் எங்கள் வீட்டுப் பின்புறம் மண்தரை. மழையில் கால்கள் புதைந்து மேசை சாயும். ஆகவே முன்பணம் கொடுத்துவிட்டேன். சிமெண்டுத் தளம் காய்ந்த பிறகே மேசை வரும்.

மாணவர்களே, பழைய கருவி வாங்குமுன் விலையோடு எடை, சமதளம், இடம் மூன்றையும் பாருங்கள்.