வறண்ட பாறையிலிருந்து மின்சாரம்

பூமிக்கடியில் சூடு எல்லா இடத்திலும் உண்டு. அதை மேலே கொண்டுவர இரண்டு துணை வேண்டும்: தண்ணீர், தண்ணீர் ஓடுவதற்கான வெடிப்பு. 1904இல் இத்தாலியின் லார்டெரெல்லோவில் ஐந்து விளக்குகளை எரித்த நீராவி இயற்கையாகவே பீறிட்டு வந்தது. அத்தகைய இடங்கள் உலகில் குறைவு. சூடு மட்டும் உள்ள வறண்ட பாறையில் மற்ற இரண்டையும் மனிதரே உண்டாக்கிக்கொள்வதுதான் மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப முறை.

ஆமத்தூர் வட்டாரத்தில் போர் போட்டவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. கரிசலுக்குக் கீழே இருக்கும் கடினப் பாறையில் வெடிப்பு அகப்பட்டால்தான் தண்ணீர். வறண்ட போர்களில் அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி வெடிப்புகளை விரிக்கும் ஹைட்ரோ பிராக்சரிங் முறையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் கையாண்டிருக்கிறது. அதையே சில கிலோமீட்டர் ஆழத்தில் செய்கிறார்கள். குவாரிபோல வெடிமருந்து தேவையில்லை. ஒரு கிணற்றில் இறங்கும் நீர், வெடிப்புகள் வழியே சூடேறி, இன்னொரு கிணற்றில் மேலே வந்து டர்பைனைச் சுற்ற வெப்பம் தருகிறது. ஆறிய நீர் மறுபடி உள்ளே போகிறது.

1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் ஃபென்டன் ஹில்லில் இதைத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் வேலை மந்தமாகவே நடந்தது. எண்ணெய்த் துறையின் கிடைமட்டத் துளையிடல் கைக்கு வந்தபின் நிலைமை மாறியது: 2023இல் ஃபெர்வோ நிறுவனம் நெவாடாவில் 3.5 மெகாவாட் தரக்கூடிய கிணறுகளைச் சோதித்துக் காட்டியது.

அழுத்தம் நிலத்தை அசைக்கவும் செய்யும். 2006இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 3.4 அளவு நடுக்கம் வந்து திட்டம் நின்றது. 2017இல் தென்கொரியாவின் போஹாங்கில் நேர்ந்த 5.4 அளவு நிலநடுக்கத்தை இத்தகைய திட்டமே தூண்டிவிட்டதாக அரசு அமைத்த ஆய்வுக் குழு சொன்னது. இதைச் சில்லறை ஆபத்தென்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் ஆசை விடாது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். பாறைச் சூட்டுக்கு இரவு பகல் கிடையாது.

இந்தியாவின் புவிவெப்ப முயற்சிகளில் ஒன்று லடாக்கின் புகா பள்ளத்தாக்கில். அங்கே வெந்நீர் தானாகவே ஊறுகிறது. 1 மெகாவாட் சோதனை நிலையத்துக்காக ஓஎன்ஜிசி 2021இல் ஒப்பந்தம் செய்தது. தென்னாட்டுப் பாறையோ மிகப் பழையது, ஆறிப்போனது. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலில், சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறக்குறைய 66 டிகிரிதான். சுரங்கத்தில் நின்றவருக்கு அது நரகம், டர்பைனுக்குப் போதாது. கிலோமீட்டருக்குச் சுமார் 12 டிகிரி என்ற அந்தக் கணக்கில், தரைமட்ட வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், டர்பைனுக்கு ஏற்ற 150 டிகிரியைத் தொட சுமார் 10 கிலோமீட்டர் இறங்க வேண்டும். சூட்டை உண்டாக்கும் யுரேனியமும் தோரியமும் மிகுந்த கருங்கல் பாறை அமைந்த இடங்களில் இந்த ஆழம் குறையும்.

அவ்வளவு ஆழம் துளைப்பது எளிதல்ல: ரஷ்யாவின் கோலா துளை 12 கிலோமீட்டரை எட்ட ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. மில்லிமீட்டர் அலைகளால் பாறையை உருக்கித் துளையிடும் சோதனைகள் அமெரிக்காவில் நடக்கின்றன. அவை மலிவாகக் கைகூடாதவரை, தென்மாவட்டங்களுக்கு இது கட்டுப்படியாகாத மின்சாரம்.