தகட்டுக்கு உருக் கொடுத்த கைகள்

தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்குத் தகரவேலையில் என்ன நாட்டம் என அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. கல்வி என்றவுடன் ஏட்டையும் எழுத்தாணியையும் நினைப்பது நம்மவர் வழக்கம். சம்மட்டியையும் பட்டடையையும் நினைப்போர் அரியர். ஆயினும், தட்டையான தகட்டை வெட்டியும் மடித்தும் ஓர் ஊர்திக்கு உடலாக்குபவன் கணிதமும் உலோகத்தின் இயல்பும் அறிந்தவனே. எழுதப்படாமையால் அவனறிவு கல்வியன்று என ஆகிவிடாது. இதற்கு ஜீப் வண்டியின் வரலாற்றைச் சான்றாகக் காட்ட விரும்புகின்றேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. சேற்றிலும் மணலிலும் ஓடவேண்டிய வண்டிக்கு அழகை எவரும் நாடவில்லை. அதனுடல் பெரும்பாலும் தட்டைத் தகடுகளாலேயே அமைந்தது. அவ்வெளிமையே பின்னர் பெருநன்மையாயிற்று. பேராலையின் பொறிகள் இல்லாத சிறு பட்டறையிலும் அதனை வெட்டலாம், நீட்டலாம், வேறுருவாக்கலாம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த லாண்ட் றோவரும் இவ்வழியதே. உருக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், அலுமினியக் கலப்புலோகத் தகட்டைக் கொண்டு அதனுடலைத் தட்டையாகவும் எளிய வளைவுகளோடும் அமைத்தனர்.

போர் முடிந்தபின், அமெரிக்கப் படையினர் பிலிப்பைன்ஸ் நாட்டில் விட்டுச்சென்ற ஜீப்புகள் அந்நாட்டுக் கம்மியர் கையில் மறுபிறவி எடுத்தன. அடிச்சட்டத்தை நீட்டினர், வெயிலுக்குக் கூரையிட்டனர், நீளவாட்டில் எதிரெதிராக இருக்கைகள் அமைத்தனர். போர்வண்டி மக்கள் வண்டியாயிற்று. அதுவே ‘ஜீப்னி’. குதிரைவண்டி ஓட்டியாக வாழ்ந்த லியொனார்டோ சராவோ என்பார், 1953இல் 700 பேசோ முதலுடன் தொடங்கிய பட்டறை இத்தொழிலில் நாடறிந்த பெயர் பெற்றது. ஜீப்னியின் முகப்பிலே பளபளக்கும் குதிரை உருவங்களைக் காணும்போது, பழைய குதிரைவண்டி முற்றாக மறையவில்லை என்றே தோன்றுகின்றது.

இனி வேலையின் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். தேர்ந்த கம்மியன் எடுத்தவுடன் தகட்டை வெட்டான். முதலில் தடித்த மட்டையில் மாதிரி வெட்டி, வண்டியிலே வைத்துப் பார்ப்பான். மடிக்கும்போது தகட்டின் புறப்பக்கம் நீளும், உட்பக்கம் நெருங்கும். அதற்குரிய அளவைக் கணக்கிட்ட பின்னரே கத்திரி எடுப்பான். தடிப்பை இருமடங்காக்கினால் தகட்டின் விறைப்பு எண்மடங்காகும். ஆனால் பாரமும் இருமடங்காகிவிடும். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 8 கிலோகிராம் நிறையுடையது. ஆதலின், தடிப்பை ஏற்றாமல் விளிம்பை மடித்தும் நடுவே நெளிவு இட்டும் விறைப்பைப் பெறுவான். தளர்ந்து தொங்கும் பனையோலையைப் பிளாவாக மடித்தால், அது கூழைத் தாங்குகின்றதன்றோ? அந்நுட்பமே இதுவும்.

மெல்லிய தகட்டை ஒரே தொடர்ச்சியாகக் காய்ச்சி இணைத்தால், வெப்பத்தாற் கோணும். எனவே இடம்விட்டு இடம் சிறுசிறு புள்ளிகளாக இணைப்பான். நாகம் பூசிய தகடாயின், இணைக்குமிடத்துப் பூச்சை முன்னரே சுரண்டிவிடுவான். அன்றேல் எழும்புகை காய்ச்சல் தரும். அலுமினியமும் உருக்கும் ஈரத்திலே தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதறிந்து, இடையே காப்பிடுவான். நீர் வடியத் துளையிட மறவான். இவை யாவும் இரசாயனமும் பௌதிகமும் அல்லாமல் வேறென்ன?

2017இல் பிலிப்பைன்ஸ் அரசு பழைய ஜீப்னிகளை அகற்றிப் புதிய வண்டிகளைக் கொணரும் திட்டத்தைத் தொடங்கியது. பழைய டீசல் எந்திரங்களின் புகை நகரத்தாரின் நுரையீரலுக்குக் கேடு என்பது மறுக்கவொண்ணாதது. ஆனால், புதிய வண்டியொன்றின் விலை 20 இலட்சம் பேசோவுக்கு மேலாகியது. 2023 மார்ச்சில் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். என் கருத்து இதுவே: புகைக்குக் காரணம் எந்திரம், உடலைச் சமைத்த கை அன்று. எந்திரத்தை மாற்றும்போது அக்கைத்திறனையும் சேர்த்து எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது. எறிந்தபின் அதனை விலைக்கு வாங்கவும் இயலாது.

இது மணிலாவுக்கு மட்டும் உரிய கவலையன்று. கொட்டாப்புளி, தறையாணி, பட்டடை என நம் பட்டறைகளுக்கும் உரிய சொற்கள் உள. அவற்றை வழங்குவோர் மறையுமுன், ஆசிரியரும் மாணவரும் பட்டறை வாயிலிற் சென்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இலக்கியத்துக்கு உரையெழுதிய மரபு நமது. கம்மியன் கைவினைக்கும் ஓர் உரை எழுதினால், அம்மரபு தாழ்ந்துவிடாது.