ஆழம் காட்டும் இரட்டைப் படங்கள்

மனிதக் கண்கள் இரண்டும் ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்திருப்பதால் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைக்கும்போது ஆழம் என்னும் உணர்வு பிறக்கிறது. இவ்வியல்பை 1838-இல் விளக்கிய ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன், கண்ணுக்கொரு படமாகத் தனித்தனியே காட்டும் ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியை ஆடிகளைக் கொண்டு அமைத்தார். டேவிட் புரூஸ்டர் வில்லைகளைப் பொருத்தி அதைக் கையடக்கமாக்கிய பின், 1851-ஆம் ஆண்டின் லண்டன் பொருட்காட்சி வழியே அது பெரும்புகழ் பெற்றது.

தமிழகக் கோயில்கள் இந்த இரட்டைப் படக் கலைக்குள் வியக்கத்தக்க விரைவில் வந்து சேர்ந்தன. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் பெரிய படங்களாகப் பதிவு செய்ததோடு, திருச்சி, தஞ்சைக் காட்சிகளை இரட்டைப் படத் தொகுப்பாகவும் 1858-இல் வெளியிட்டார். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிச் செல்லும் மண்டபங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் அன்று வேறில்லை என்றே சொல்ல வேண்டும்.

மண்டபங்களைப் போலவே சிற்பங்களுக்கும் இது பொருந்தும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு, பாறைப் பரப்பிலிருந்து உருவங்கள் முன்தள்ளி நிற்கும் புடைப்புச் சிற்பம் ஆகும். ஒற்றைப் படத்தில் தட்டையாகிவிடும் யானைகளின் பருமனும் நடுப்பிளவின் ஆழமும் இரட்டைப் படத்தில் மீண்டுவருகின்றன. அதற்குக் கைப்பேசியால் ஒரு படம் எடுத்து, சில அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று எடுத்தாலே போதும்.