லூயிஸ் ஏரிக்கு ஏன் இந்த நிறம்?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள லூயிஸ் ஏரியை ஜூலை, ஆகஸ்டில் முதன்முறை பார்க்கும் யாருக்கும், தண்ணீரில் சாயம் கலந்திருக்கிறதோ என்றுதான் தோன்றும். அப்படியொரு பச்சை கலந்த நீலம்! காரணம் தெரிய வேண்டுமென்றால் கரையோரமாகவே நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும்.

அங்கே வந்து விழும் ஓடையில் நீலமே இல்லை. அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருக்கிறது. மேலே, 3,464 மீட்டர் உயர விக்டோரியா மலையின் பனியாறு நகரும்போது, அதன் அடியில் சிக்கிய கற்கள் பாறையை உரசி உரசித் தூளாக்குகின்றன. கோடையில் உருகும் நீர் அந்தத் தூளைச் சுமந்து இறங்குகிறது. பருமணல் ஏரியின் வாயிலிலேயே படிந்துவிடும். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் படியாமல் மிதக்கும். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் இத்துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன.

அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தால் அந்த நீலம் தெரியாது. சிவப்பு மறைய ஆழம் வேண்டும்.

மலையேறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலையில் கணுக்காலளவு ஓடும் பனியாற்று ஓடை, வெயில் ஏறி உருகல் கூடியதும் பிற்பகலில் முழங்காலைத் தொடலாம். திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டே அதைக் கடக்க வேண்டும்.