மழைத்தண்ணீரில் நீந்தும் கிருமி: எலிக்காய்ச்சல் பாக்டீரியாவுக்கு சக்தி எங்கிருந்து வருகிறது?

கொச்சியில் மழை வெளுத்து வாங்கினால் மட்டாஞ்சேரியின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கிவிடும். பேண்ட்டை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால்? அங்குதான் சிக்கல்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. மலையாளத்தில் இதை 'எலிப்பனி' என்பார்கள். காரணம், லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா.

எப்படி நகர்கிறது?

இது மெல்லிய ஸ்பிரிங் போன்ற உருவம் கொண்டது. உடலின் இரு முனைகளிலும், மேலுறைக்குள்ளேயே, வால் போன்ற ஓர் இழை இருக்கும். அந்த இழையைச் சுழற்ற ஒரு நுண்ணிய மோட்டார் உண்டு.

பாக்டீரியா உணவை எரித்து, அந்த சக்தியால் புரோட்டான்களை சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே பாயும்போது மோட்டார் சுழல்கிறது. இடுக்கி அணைத் தண்ணீர் டர்பைனைச் சுழற்றுவது மாதிரிதான்.

என்ன சாப்பிடுகிறது?

சர்க்கரை இதற்குச் சரிப்படாது. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்தான் முக்கிய உணவு. அவற்றைத் தானே தயாரிக்கவும் தெரியாது. வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நம் உடலில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன.

உணவுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு மற்ற பாக்டீரியாக்களிலும் உண்டு. குளுக்கோஸ் நிறைய இருந்தால் ஈ.கோலை வால் இழை தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் இழைகளைக் கட்டி, உணவு தேடிக் கிளம்பும்.

நகராவிட்டால் நோய் வராதா?

நீந்தும் திறனை இழந்த லெப்டோஸ்பைராவை ஆய்வகத்தில் ஹாம்ஸ்டர்களுக்குச் செலுத்தியபோது, அதனால் உடலெங்கும் பரவி அவற்றைக் கொல்ல முடியவில்லை. தோலில் உள்ள சின்னக் கீறல் வழியே நுழைந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம், கல்லீரல் வரை போக அதற்கு ஓட்டம் தேவை. அந்த ஓட்டத்துக்கு சாப்பாடு தேவை.

நாம் என்ன செய்யலாம்?

காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் பூட்ஸ் அணியுங்கள். வெள்ளத்தில் வேலை செய்பவர்களுக்கு, தடுப்பு மருந்தாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை தரப்படுகிறது. டாக்டரிடம் கேட்டு மட்டும் போடுங்கள். தண்ணீரில் நடந்த சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்த வேண்டாம். 'தண்ணீரில் நடந்தேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும்.